வேகம் எழுதாத தட்டு

இந்திரண்ணை சொன்னதை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். முழுவதுமாக நம்பாமல் விட்டிருந்தால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்க மாட்டேன், முழுவதுமாக நம்பியிருந்தால் இப்படி அவர் மெல்லுகிற தாடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கவும் மாட்டேன். இரண்டுக்கும் நடுவிலேயே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். இப்போதும் அவர் என் மேசையில் இருந்து கணவாய்க் கறிக்குள் சோற்றைப் பிசைகிறார், நான் அப்பளத்தை அவர் பக்கமாகத் தள்ளுகிறேன், "காணும் தம்பி நிமலன், காணும்" என்றபடி இரண்டை எடுக்கிறார். அவர் சொன்ன கதை சின்னது. என் அண்ணா சுகிர்தன் பர்மிங்ஹாமில் ஒரு பின்னேரம் கால்வாயில் விழுந்து இறந்தார். இருபத்துநான்கு வயது. நானும் அம்மாவும் அப்போது யாழ்ப்பாணத்தில். அண்ணாவும் இந்திரண்ணையும் ஒரே அறையில் இருந்து ஒரே பெற்றோல் நிலையத்தில் மாறி மாறி வேலை செய்தவர்கள், அந்தக் காலத்து இங்கிலாந்தின் ஹார்ட்கோர் பங்க் இசையில் இரண்டு பேருக்கும் பைத்தியம், ஏதோ ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் வெள்ளைக்காரப் பொடியன்கள் முட்டி மோதிக் குதிக்கும்போது இவர்கள் இரண்டு பேரும் சுவரோரமாகக் குளிர் அங்கியைக் கழற்றாமல் நிற்பார்களாம். அண்ணா இறந்த அன்று பகல் பிளன்ட் ரேஷன் என்ற குழு தன் ஒரே இசைத்தட்டைப் பதிவு செய்தது, இவர்கள் இரண்டு பேரும் போனார்கள். அந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் முக்கியமான வரி வரும்போது பாடகன் தனியாகக் கத்த மாட்டான், பதிவு அறையில் சும்மா நிற்கிற எல்லோரையும் ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள், பாடத் தெரிந்திருக்கத் தேவையில்லை, நின்று கத்தினால் போதும். முதல் பக்கத்துப் பாட்டின் கடைசிக் கத்தலில் எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு குரல் மட்டும் அரைக் கணம் தனியாக நிற்கும். அது சுகி. இதுதான் கதை. மரண விசாரணை செய்த அதிகாரி எப்படி விழுந்தாரென்று சொல்ல முடியாது என்று எழுதி முடித்துவிட்டார், வழுக்கினாரா, தானாகவே இறங்கினாரா, இரண்டுக்கும் இடமுண்டு. அம்மாவுக்கு அந்த அரைக் கணம்தான் தீர்ப்பு. பகல் முழுக்கக் கத்திச் சிரிச்ச பிள்ளை பொழுதுபடேக்கை தானாய்த் தண்ணிக்குள்ளை இறங்குவானோ என்று கேட்பா, கேட்டுவிட்டு நாங்கள் பதில் சொல்லும்வரை விடமாட்டா, இல்லையம்மா என்று சொல்ல வேண்டும். நான் சொல்லுவேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் நித்திரை வராது.

அண்ணா கத்துகிற ஆள் இல்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. நல்லூர்த் தேரன்று ஊரே அரோகரா என்று கத்தும்போது அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாவின் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அல்லது சந்தேகம் வந்த பிறகு அந்த நினைவை நானே செய்துகொண்டேனா தெரியவில்லை. சந்தேகம் தனக்குத் தேவையானதைத் தானே சமைத்துக்கொள்ளும். இந்திரண்ணையின் கதையும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி. ஒருமுறை பாடகன் அண்ணாவின் சட்டையில் பிடித்து இழுத்தான், இன்னொருமுறை அண்ணா தானாகவே போய் நின்றார். ஒருமுறை வெளியில் மழை, இன்னொருமுறை வெயிலில் வாசல்படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். மனிதர்கள் மறப்பார்கள், அது குற்றமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளுவேன், ஆனால் மறக்கிறவன் தடுமாறுவான், இவர் ஒருநாளும் தடுமாறியதில்லை, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடாமல், கறியை மெல்லுகிற மாதிரி, சீராகச் சொன்னார். "தம்பி என்ன சாப்பிடாமல் என்ரை வாயைப் பார்க்கிறாய்?" "ஒண்டுமில்லை அண்ணை. தமயந்தியிட்டை ரசம் கேளுங்கோ." "பிள்ளை, ரசம் இருக்கோ?" "கொஞ்சம் சத்தமாய்க் கேளுங்கோ, அடுப்படியிலை தண்ணி ஓடுது, அவவுக்குக் கேக்காது." அவர் கழுத்தை நீட்டி "ஏய் பிள்ளை" என்று கூப்பிடுகிறார், என் சோற்றுக்கை அப்படியே நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் ரசத்தைக் கேட்கச் சொன்னேன். அந்த "ஏய்" முடிகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நீளுகிறது. அறுபது தாண்டிய குரல், சீனி வருத்தக்காரர், நுரையீரலில் சளி, இதையும் தட்டில் கேட்கிற அந்தத் தனிக் குரலையும் எப்படி ஒப்பிடுவது? நான் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறவன். கண்ணாடி அறைக்குள் இருக்கிற ஆளுக்கு மெல்லிய ஒலியை அனுப்பி, கேட்டால் பொத்தானை அமத்தச் சொல்லுவேன். நான் ஒன்றையும் அனுப்பாத நேரத்திலும் அமத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய்யர்கள் இல்லை. கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்படுகிறார்கள், காது கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு மாதமாக நானே அந்தக் கண்ணாடி அறைக்குள் இருக்கிறேன். என் மனைவி தமயந்தி ரசத்தோடு வந்து "இந்திரண்ணை, உங்கடை தொண்டைக்கு உந்தக் கத்துற பாண்டிலை உங்களைச் சேர்த்திருக்கலாம்" என்கிறாள். அவர் சிரிக்கிறார். நான் அந்தச் சிரிப்பையும் கவனிக்கிறேன். என்ன கேவலமான வேலை இது, சாப்பாடு போட்டுவிட்டு ஆளின் குரலைத் திருடுவது.

சாப்பிட்ட பிறகு முன்னறைக்கு வருகிறோம். அவருக்கு யன்னலோரக் கதிரை, முழங்காலுக்குக் கீழே வைக்க ஒரு சின்ன முக்காலி. ஹீத்ரோவில் இறங்குகிற விமானம் கூரையை உரசுகிற மாதிரிப் போகிறது, லண்டனின் இந்த ஹேய்ஸ் பகுதியில் வீடு வாங்கியபோது அம்மா ஒரு மாதம் குண்டு போட வருகிற பொம்மர் என்று பயந்தவ. எங்கள் வழக்கம் இதுதான், ஆளுக்கொரு தட்டு, மாறி மாறி, அவரவர்க்குப் பிடித்தது, மற்றவர் போடுகிறதற்கு நடுவில் குறை சொல்லக்கூடாது, முடிந்த பிறகு எவ்வளவும் சொல்லலாம். முதல் முறை அவருடையது. யோசிக்காமல் சிவில் ஆஷ் குழுவின் முதல் தட்டை எடுக்கிறார். நாலாக மடித்த கடதாசி உறை, போரில் இறந்த யாரோ ஒரு குழந்தையின் படம் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கறுப்புத் திட்டாகிவிட்டது, உள்ளே எறும்பு போன்ற எழுத்தில் அணுகுண்டுக்கு எதிராக ஒரு பக்கம். ஊசி விழுந்ததும் தகர டின்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி டிரம், அதற்கு மேலே ஓர் ஆள் மூச்சு விடாமல் ஏசுகிறான். எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிருகிறது. இந்த இசை எனக்கு உண்மையிலேயே பிடிக்குமா? அண்ணாவின் பெட்டியில் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன், அவருடைய காதால் கேட்கலாம் என்று, எங்காவது ஒரு தட்டுக்குள் அவர் ஏன் கால்வாய்ப் பக்கம் போனார் என்பது இருக்கும் என்று. தேடப் போனவன் அங்கேயே குடியிருந்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்துகிற இந்த மனிதர்கள் மேல் எனக்குப் பொறாமை. "இதை விட்டால் வேறை என்ன இருக்கு சொல்லு" என்கிறார் இந்திரண்ணை, பாட்டு முடிந்த கையோடு. "இரண்டாவது இருக்கு." "இரண்டாவதிலை கிற்றார் சோலோ வைச்சிட்டாங்கள். தலைமயிரும் வளர்த்திட்டாங்கள். அதோடை செத்துது." "நல்லாய் வாசிக்கப் பழகினது குற்றமோ?" "குற்றம்தான். வாசிக்கத் தெரியாமல் இருக்கேக்கை உவங்கள் பொய் சொல்லேல்லை." இதை என்னைப் பார்த்துச் சொன்னாரா தட்டைப் பார்த்துச் சொன்னாரா? வாசலில் கை துடைக்கிற துவாயோடு நின்ற தமயந்தி, "இதிலை எது பாட்டு, எது ரெக்கோட் பழுது எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை" என்கிறாள். "தங்கச்சி, உனக்குப் பிடிபட்டால் ரெக்கோட் பழுது எண்டு அர்த்தம்." நான் ஹாலோ பேலட் குழுவின் தட்டைப் போடுகிறேன், முறைக்காக. அவர்கள் குண்டு விழப்போகிறது, விழப்போகிறது என்று கத்துகிறார்கள். "உவங்கள் விழப்போகுது எண்டு பயப்படுறாங்கள், எங்கடை ஊரிலை விழுந்துகொண்டிருந்தது. சுகி இதைக் கேட்டிட்டுச் சொல்லுவான், இவங்களுக்கு ஆரோ எங்கடை கடிதத்தை வாசிச்சுக் காட்டிப்போட்டாங்கள் எண்டு." இதை அவர் இதற்கு முன்னால் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் புதிதாக ஒன்று. நல்ல வசனம், அண்ணா சொல்லக்கூடிய வசனம், அதனாலேயே கேட்கத் தோன்றுகிறது, இதுவும் இப்போது அவரே செய்ததா?

முதல் தடவை பிளன்ட் ரேஷனின் அந்தத் தட்டைக் கேட்ட நாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், தேய்ந்தே போய்விட்டது. அண்ணா இறந்த அடுத்த வருடம் நானும் அம்மாவும் வந்து இறங்கினோம், இந்திரண்ணை விமான நிலையத்துக்கு வந்தார், ரயிலில் பர்மிங்ஹாமுக்கு, அவருடைய அறைக்கு, அண்ணா படுத்த கட்டிலில்தான் அம்மாவை இருத்தினார். அம்மா யாரோ கொடுத்த பெரிய குளிர் அங்கியைக் கழற்றாமலேயே, "கடைசி நாள் அவன் என்ன செய்தவன்?" என்று கேட்டா. தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. இந்திரண்ணை நின்றார். பிறகு ஒரு கறுப்பு உறையிலிருந்து அந்தச் சின்னத் தட்டை எடுத்தார். இந்த இடத்தில்தான் எனக்கு முறிகிறது. ஒரு கை தட்டை வைக்கிறது, ஒரு கை ஊசியை வைக்கிறது, இவ்வளவும் தெரிகிறது, அதற்கு நடுவில் அந்தக் கை பிளேயரின் வேகத்தை மாற்றுகிற சின்னப் பிடியைத் தொட்டதா? தொட்டது என்றால் எந்தப் பக்கம்? பார்த்தேனா, பார்க்கவில்லையா? நான் அப்போது யன்னலுக்கு வெளியே அண்ணா பார்த்திருக்கக்கூடிய ஒரு புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அல்லது அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடச் சத்தம். கடைசியில் அந்தத் தனிக் குரல், உச்சத்தில், மெல்லிசாக, கிட்டத்தட்ட ஒரு பொடியனின் குரல். "அது சுகி." யார் சொன்னது? இத்தனை வருடமும் என் நினைவில் இந்திரண்ணைதான் சொன்னார். இந்த மாதம் அதே இடத்தில் அம்மாவின் வாய் அசைகிறது. அம்மா சொன்னா என்றால் இந்திரண்ணை என்ன செய்தார்? ஓம் என்றாரா? தலையை ஆட்டினாரா? சின்னனிலை சைக்கிளாலை விழுந்தாலும் இப்பிடித்தான் கத்துவான் என்று அம்மா பிறகு எல்லோருக்கும் சொல்லுவா. அதன் பிறகு, லண்டனுக்கு வந்து, தேவாரக் கசெற்றைத் தவிர ஒன்றும் கேட்காத அம்மா, அண்ணாவின் திதியன்று விளக்குக் கொளுத்திவிட்டு முன்னறைக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா, இந்திரண்ணையும் வந்திருப்பார். "அதைப் போடு" என்பா. நான் போடுவேன். அந்தக் குரல் வந்ததும் எழும்பிப் போய்விடுவா, மற்றப் பக்கம் ஒருநாளும் கேட்டதில்லை. போன வருடம் அம்மா போன பிறகு வந்த திதியில் நான் தனியாகப் போட்டேன், அப்போதுதான் ஒன்று உறைத்தது. இனி இந்தக் கதையை யாருக்காகவும் காப்பாற்றத் தேவையில்லை.

போன மாதம் நடந்தது இவ்வளவுதான். இங்கிலாந்தின் வடக்கில் யாரோ சின்னக் கம்பனிக்காரர் அந்தக் காலத்துக் குழுக்களின் பதிவுகளைச் சேர்த்து ஒரு பெரிய தட்டாகப் போட்டிருந்தார்கள், மூலநாடாவிலிருந்து எடுத்தது, பிளன்ட் ரேஷனும் இருந்தது. வாங்கிவந்து போட்டேன். பாட்டுத் தவழ்ந்தது. பிளேயரைச் சுற்றவைக்கிற பட்டி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன், ஆனால் மற்றக் குழுக்கள் எல்லாம் தம் வேகத்திலேயே ஓடின. நாடாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது. கோபத்தோடு பழைய சின்னத் தட்டை எடுத்துப் பார்த்தேன். சின்னத் தட்டு என்றால் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று, யாரும் யோசிப்பதில்லை, கை தானாக மாற்றும். இந்தத் தட்டில் வேகமே எழுதவில்லை. அவர்களே காசு போட்டு அடித்த தட்டு, அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ, எழுத மறந்தார்கள் அல்லது எழுதுவது கம்பனிக்காரர் வேலை என்று நினைத்தார்கள். பிடியை முப்பத்துமூன்றுக்குத் தள்ளி ஊசியை வைத்தேன். புதிய தட்டில் கேட்டதேதான். இத்தனை வருடமும் இங்கிலாந்திலேயே ஆக வேகமான குழு என்று நாங்கள் தலையில் வைத்துக்கொண்டு ஆடியவர்கள் உண்மையில் பாரமாக, மெதுவாக, சேற்றுக்குள் நடக்கிற மாதிரி வாசித்தவர்கள். வேறு எந்த இசையிலும் இந்தப் பிழை நடக்காது, ஒரு மெல்லிசைப் பாட்டை வேகமாக விட்டால் குழந்தைக்கும் தெரியும். வேகம்தான் எல்லாம் என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் தெரியாது. தனியாக இருந்து சிரித்தேன், நன்றாகச் சிரித்தேன். பிறகு கடைசிக் கத்தல் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள், ஒரு குரல் மட்டும் நின்றது, அது பொடியனின் குரல் இல்லை, நெஞ்சிலிருந்து வருகிற தடித்த குரல், முடிகிற இடத்தில் இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் கொஞ்சம் நீளுகிறது. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்று முதல் இரண்டு எண்ணங்கள் என் தலைக்குள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒன்று, இந்திரண்ணை அங்கே போகவே இல்லை. போயிருந்தால், முன்னால் நின்று கேட்ட பாட்டு இவ்வளவு வேகமாக ஓடும்போது இது பிழை என்று அந்தக் கணமே தெரிந்திருக்கும், இத்தனை ஞாயிற்றுக்கிழமை என்னோடு இருந்து தாளம் போட்டிருக்க மாட்டார். போகாத இடத்தை வைத்து ஒரு தாயைச் சமாதானப்படுத்தினார், அவ்வளவுதான், அதை நான் மன்னித்துவிடுவேன். மற்றது, அவர் அங்கே இருந்தார், எல்லாம் தெரியும், தெரிந்துதான் சும்மா இருந்தார், ஏனென்றால் நாற்பத்தைந்தில் ஓடினால் அது யாருடைய குரலாகவும் இருக்கலாம், முப்பத்துமூன்றில் ஓடினால் அது அவருடையது. அப்படியென்றால் அண்ணா அன்று பகல் எங்கே? அறையில். தனியாக. கத்தவில்லை, சிரிக்கவில்லை. அம்மாவின் தீர்ப்பு, நான் இல்லையம்மா இல்லையம்மா என்று சொன்ன எல்லாம், ஒரு பிடி தவறான பக்கம் இருந்ததால் வந்தது. அவருடைய பழைய பிளேயரில் ஒரு வேகம்தான் இருந்ததோ என்றும் யோசித்தேன், அவருக்காக வாதாடிப் பார்த்தேன், ஆனால் அதே பிளேயரில் பெரிய தட்டுகளும் கேட்டவர்கள், அண்ணா கடிதத்தில் எழுதியிருந்தார். நான் ஏன் இதை இவரிடம் நேராகக் கேட்கவில்லை? கேட்டால் சீராக ஒரு பதில் சொல்லுவார். அதற்குப் பிறகு அந்தப் பதிலையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். இவரை விட்டால் அண்ணாவை அந்த வயதில் பார்த்த ஒருவர் எனக்கு இந்த உலகத்தில் இல்லை. இவர் பொய்யென்றால் அண்ணா கேலி செய்தது, மீன் பொரித்தது, பனியில் விழுந்து எழும்பியது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். "என்ன தம்பி, அடுத்தது உன்ரை முறையெல்லோ" என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு. "ஓமண்ணை." "சோலோ வைக்காத ஒண்டாய்ப் பார்த்துப் போடு."

பிளன்ட் ரேஷனின் சின்னத் தட்டை எடுக்கிறேன். பிடியை முப்பத்துமூன்றுக்குத் தள்ளும்போது சின்னதாக ஒரு சத்தம், அவர் கண்ணைத் திறக்கவில்லை. டேய் பட்டி போச்சு என்று சொல்லுவார், அல்லது என்னடா இது செத்த வீட்டுப் பாட்டு மாதிரி என்பார், அப்படிச் சொன்னால் அவர் அங்கே இருக்கவில்லை, நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். ஊசியை வைக்கிறேன். பேஸ் கிற்றார் தனியாக, மெதுவாக, தரையை இழுத்துக்கொண்டு வருகிறது. சொல்லுங்கோ, இப்ப சொல்லுங்கோ. டிரம் விழுகிறது. வயிற்றின் மேல் கிடந்த விரல் அசையத் தொடங்குகிறது. பாட்டின் நடுவில் எல்லாம் நின்று ஓர் இடைவெளி வரும், பிறகு எல்லோரும் ஒரே அடியில் திரும்ப விழுவார்கள், இந்த வேகத்தில் அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒரு மாதமாகத் தினமும் கேட்டும் என் கால் முந்தித் தட்டிவிடுகிறது, பழைய பழக்கம். இடைவெளி வருகிறது. என் கால் தட்டிவிட்டது. அவர் விரல் காற்றில் நிற்கிறது, இன்னும் நிற்கிறது, பிறகு டிரம்மோடு சேர்ந்து சரியாக விழுகிறது. அடுப்படியிலிருந்து தமயந்தி, "என்ன, இண்டைக்குப் பாடுறவைக்குக் காய்ச்சலோ?" என்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கடைசி வரி வருகிறது, கூட்டம் கத்துகிறது, நிறுத்துகிறது, அந்தக் குரல் மட்டும் நிற்கிறது, பிளக்கிறது, முடிகிறது. ஊசி நடு வட்டத்துக்குள் போய் டொக், டொக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. எழும்பி அதைத் தூக்க வேண்டும். எழும்பவில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் தட்டையே பார்க்கிறார். "அம்மா இதை இப்பிடிக் கேட்டவவோ?" "இல்லை." "நல்லது" என்கிறார், ஒரு விமானம் வந்து போகிறது. "நானும் எத்தினை நாள் பார்த்தன், நீ மாத்திப் போடுவாய் போடுவாய் எண்டு. காது பார்க்கிறவன், உனக்குத் தெரியாதோ எண்டு நினைச்சிருக்கிறன்." "தெரியாது." "அண்டைக்கு அறையிலை அது நாப்பத்தஞ்சிலைதான் கிடந்தது, நான் கவனிக்கேல்லை. என்ரை சத்தத்தைக் கேட்டால் கொம்மாவுக்கு ஒரு பராக்காயிருக்கும் எண்டுதான் போட்டனான், நான் இப்பிடியான இடத்துக்குப் போனனான், அதுதான் அண்டைக்கு அவனோடை கூட இருக்கேல்லை எண்டு சொல்லத்தான் போட்டனான். முடிய முந்தி அவ சொல்லிப்போட்டா, சுகி எண்டு. அவவின்ரை முகத்தைப் பார்த்தாய்தானே நீ. பிறகு எப்பிடி இல்லையெண்டுறது? அவன் வரேல்லை, நிமலன். அவன் கட்டிலிலை இருந்தவன்."

எத்தனை கேள்விகள் வைத்திருந்தேன். வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி, நடையிலும் பஸ்ஸிலும், நோயாளி கண்ணாடி அறைக்குள் காத்திருக்கும்போதும். ஏன் பொய் சொன்னீர்கள் என்பது இப்போது கேள்வியே இல்லை, அம்மாவின் முகத்தை நானும் பார்த்தேன், பார்த்தும் பார்க்காமல் விட்டேன். வழுக்கினாரா இறங்கினாரா என்று இவரிடம் கேட்டுப் பயனில்லை, இவருக்கும் தெரியாது, இவர் அன்று ஊர் பேர் தெரியாத ஒரு அறையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். என் சந்தேகம் சரியென்று வந்துவிட்டது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதிரையில் இருக்கிற கிழவர் என்னைவிடக் கூடுதலாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார், ஒவ்வொரு திதிக்கும் வந்து, தன் குரலை இன்னொருவன் குரலென்று கேட்டுக்கொண்டு, அம்மா எழும்பிப் போகும்வரை தலையைக் குனிந்துகொண்டு. நான் விசாரணைக்காரன் மாதிரிக் கேட்கக்கூடாது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். கட்டிலில் இருந்தவன், கதவடியில் சப்பாத்துப் போடுகிற இவரை நிமிர்ந்து பார்த்திருப்பான். அந்த நேரத்தில் அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்ததா, வெளியே வர, ஒரு கூட்டத்தில் நிற்க, ஒன்றுக்காவது ஆசை இருந்ததா என்பது. இருந்தது என்றால் இவரால் இனி நித்திரை கொள்ள முடியாது. இல்லை என்றால் என்னால் முடியாது. ஊசி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. எழும்பி அதைத் தூக்கி வைத்துவிட்டு, அவருடைய முக்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, என் குரல் எனக்கே புதிதாக இருக்க, கேட்கிறேன். "இந்திரண்ணை, நீங்கள் வெளிக்கிடேக்கை, அண்ணா தானும் வரட்டோ எண்டு கேட்டவரோ?"